மடுவத்துத் தராசும் பலிபீடமும்

(தவக்காலத்தையொட்டி, பதுளையில் பல சபையாரும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உண்மையான ஆராதனையைப் பற்றியும் மனந்திரும்புதலைப் பற்றியும் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பைக் கொடுத்தால் இருதயத்தில் தொடங்குவதுதான் வழக்கம். நான் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தொடங்குகிறேன். அதற்கு வேதத்திலேயே எனக்கு ஆதாரம் இருக்கிறது.

லூக்கா சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தில் யோவான் ஸ்நானகன் யோர்தான் பக்கத்தில் நின்று மக்களைக் கடுமையாகக் கண்டிக்கிறார். கேட்டவர்கள் கலங்கி, இனி நாங்கள் என்னதான் செய்வது என்று கேட்கிறார்கள். சாதாரண சனங்கள் கேட்கிறார்கள், வரி தண்டுகிறவர்கள் கேட்கிறார்கள், படைச்சேவகர்களும் கேட்கிறார்கள். அவர்களில் ஒருவரிடமும் இன்னும் கொஞ்சம் அதிகமாக ஜெபியுங்கள் என்று அவர் சொல்லவில்லை. உடுப்பு மிச்சம் உள்ளவன் இல்லாதவனோடு பகிரட்டும் என்றார். வரிக்காரன் சட்டப்படி வரவேண்டியதற்கு மேல் வாங்கக் கூடாது என்றார். சேவகன் ஏழையை மிரட்டிப் பறிக்கக் கூடாது, பொய்வழக்குப் போடக் கூடாது என்றார். அவரவர் பாவம் அவரவர் பிழைப்புக்குள்ளேயே கிடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே மனந்திரும்புதலையும் அங்கேயே தேடச் சொன்னார்.

அந்த யோவான் நமுனுகுலை மலையடியில் ஒரு தோட்டத்து மடுவத்தில் வந்து நின்றால் எதைப் பார்ப்பார்? நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். டவுனில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மலையிலிருந்து கொழுந்தைச் சுமந்துகொண்டு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். தராசில் நிறுக்கிறார்கள். சாக்கின் எடைக்கும் மழைநாளில் இலையிலுள்ள ஈரத்துக்கும் கொஞ்சம் கழிப்பது நியாயம். ஆனால் சாக்கு என்ன எடை, இன்று மழை பெய்ததா இல்லையா என்று பார்க்காமல், எல்லா நாளும் எல்லோருக்கும் ஒரே அளவாக வெட்டும் பழக்கம் எத்தனையோ இடங்களில் உண்டு. குறித்த கிலோவுக்குக் கீழே போனால் அன்றைக்கு முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், கிடையாது, அரைப்பேர்தான். காலையில் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, அட்டைக்கடியோடு நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கு, தராசடியில் பாதி நாள் இல்லாமல் போகிறது.

ஒரு பேச்சுக்கு 40 பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நியாயமான கழிவுக்கு மேல் ஆளுக்கு 2 கிலோ வெட்டினால் ஒரு நிறுவைக்கு 80 கிலோ. ஒரு நாளைக்கு மூன்று நிறுவை என்றால் 240 கிலோ. அந்தக் கொழுந்து உண்மையில் பறிக்கப்பட்டது. ஸ்டோருக்குப் போனது, தூளானது, விற்பனையானது. பறித்தவளின் பேரில் மாத்திரம் அது இல்லை.

அந்தக் கணக்கை எழுதுகிற கை, ஞாயிற்றுக்கிழமை நற்கருணைக்காக நீட்டப்படுகிற கையாகவும் இருக்கலாம். வெட்டச் சொல்லி மேலிருந்து உத்தரவு வருகிறது, மறுத்தால் வேலை போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பயம் உண்மையான பயம். அதை நான் லேசாக எண்ணவில்லை. ஆனால் அந்த வரிக்காரனுக்கு மேலேயும் ரோமாபுரி இருந்தது. ரோமாபுரியைக் காரணம் காட்டி யோவான் அவனை விட்டுவிடவில்லை. ஆமோஸ் தீர்க்கதரிசி கண்டித்த வியாபாரிகளை நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஓய்வுநாளை அனுசரித்தவர்கள், ஆராதனைக்குப் போனவர்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறந்து மரக்காலைக் குறைத்துத் தராசைத் தாழ்த்தலாம் என்று உள்ளே உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டவர்கள். அவர்களுடைய பாட்டுச் சத்தத்தைக் கேட்க முடியவில்லை என்று கடவுள் சொல்வதாக அதே புத்தகத்தில் இருக்கிறது.

இனி இன்னொரு வரிக்காரரான சகேயுவிடம் வருகிறேன். ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவர் மரமேறிய குள்ளன். பெரியவர்களாகிய நாம் அந்தக் கதையில் மரத்தைத் தாண்டிப் போவதில்லை. சகேயு அழுததாக லூக்கா எழுதவில்லை. முழங்காலில் விழுந்ததாகவும் எழுதவில்லை. எழுந்து நின்று கணக்குச் சொன்னார். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலு மடங்காகத் திருப்பி என்றார். திருடிய ஆட்டுக்கு நாலு ஆடு கொடுக்கச் சொல்லும் பழைய சட்டத்தைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டார். ஒன்றைக் கவனியுங்கள்: இயேசு அவருடைய வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னது முதலில் நடந்தது, சகேயு கணக்குத் தீர்த்தது அதற்குப் பிறகு. காசைத் திருப்பிக் கொடுத்து அவர் மன்னிப்பை விலைக்கு வாங்கவில்லை. வாசலுக்கு வந்த அன்பினால்தான் இறுக மூடியிருந்த அவருடைய கை திறந்தது. இந்த வரிசையை மாற்றிவிட்டால் நம் மார்க்கம் வெறும் அபராதம் கட்டுகிற இடமாகிவிடும். வரிசையின் இரண்டாம் பாதியை விட்டுவிட்டாலோ, இன்றைக்குப் பல மேடைகளில் நடப்பதுபோல, கண்ணீரோடு ஒரு சாட்சி, கைதட்டல், பிறகு பழைய வாழ்க்கை என்றாகிவிடும்.

நம் பிரசங்கங்களில் அடிக்கடி பெயர் சொல்லி அழைக்கப்படும் பாவம் ஒன்று உண்டு, குடி. அது சரிதான். தவறணைக்கும் கசிப்புக்கும் பறிகொடுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் குடியை விட்டேன் என்று சாட்சி சொல்கிற அண்ணன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனைவியின் சம்பளத்தைப் புருஷன் போய் வாங்கி வருவது நம் தோட்டங்களில் நெடுங்காலப் பழக்கம். கொழுந்து பறித்தவள் ஒருத்தி, காசை எண்ணியவன் இன்னொருவன். போத்தலை விட்டவன் அந்தக் காசை அவள் கையில் கொடுத்தானா? அவளை அடித்ததற்காக, கடவுளிடம் கேட்டதுபோல அவளிடமும் மன்னிப்புக் கேட்டானா? இதில் சபைக்கும் பங்குண்டு. அடிபட்டு வந்து நிற்கிற பெண்ணிடம், பொறுத்துக்கொள் மகளே, ஜெபம் பண்ணு, மன்னித்துவிடு என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அடித்தவன் மனந்திரும்ப வேண்டிய இடத்தில் அடிபட்டவளின் மன்னிப்பைக் கொண்டுபோய் வைத்தோம். அது சுவிசேஷம் இல்லை.

சபையும் மனந்திரும்ப வேண்டியிருக்கிறது என்கிறேன். கொஞ்சம் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

1854இல் இந்த மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் தமிழர்களுக்காக ஒரு மிஷன் தொடங்கியது. அதற்குத் தமிழ்க் கூலி மிஷன் என்றே பெயர் வைத்தார்கள். சர்ச் மிஷனரிச் சங்கம் ஊழியர்களைக் கொடுத்தது, தோட்டத்துரைமார் பணம் கொடுத்தார்கள். அதன் உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து ஜெபக்கூட்டம் நடத்தினார்கள், எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுடைய பாடுகளுக்கு நான் தலைவணங்குகிறேன். அவர்களால்தான் நம்மில் பலருடைய பூட்டன்மார் வேதம் வாசித்தார்கள். ஆனால் பணம் கொடுக்கிறவர் துரை, பிரசங்கம் கேட்கிறவர் தொழிலாளி என்றால், யாருடைய பாவம் மேடையேறும்? குடியும் களவும் விக்கிரகமும் ஏறின. தொழிலாளியைக் கடனால் கட்டிவைத்த துண்டு முறையோ 1921 வரை சட்டத்தின் துணையோடே நடந்தது. ஒரு மனிதன் தோட்டம் மாற வேண்டுமென்றால் அவன் தலையில் எவ்வளவு கடன் நிற்கிறது என்று எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும். அந்தக் கடனைப் புதிய தோட்டம் கட்டினால்தான் அவனுக்கு விடுதலை. கர்த்தர் கற்பித்த ஜெபத்திலேயே கடன் மன்னிப்பைப் பற்றிய விண்ணப்பம் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டே துண்டோடு வாழ்ந்த சனம் நாம்.

இதே பதுளையில் புனித மாற்கு ஆலயம் இருக்கிறது. 1857இல் கட்டப்பட்டது. 1845 ஜூன் மாதம் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரியின் நினைவாக எழுப்பினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேர் வாங்கியவர் அவர். தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்து, காய்ச்சலிலும் பேதியிலும் பாதையோரத்தில் விழுந்துபோனவர்களோ பேரில்லாமல் மண்ணுக்குப் போனார்கள். அந்த ஆலயத்தில் ஜெபிக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அங்கே முழங்காலிடும்போது, கல்லில் வெட்டப்படாத அந்தப் பேர்களையும் நினைக்க வேண்டும் என்கிறேன்.

இந்த ஊவாவிலேயே சபை தன் பாதையை மாற்றிக்கொண்ட நேரமும் ஒன்று உண்டு. அதைப் பிள்ளைகளுக்கு நாம் போதிய அளவு சொல்லிக்கொடுக்கவில்லை என்பது என் வருத்தம். 1972 டிசம்பரில் கண்டி மறைமாவட்டத்திலிருந்து பிரித்து பதுளை மறைமாவட்டத்தை உண்டாக்கினார்கள். அப்போது கண்டியின் ஆயராக இருந்தவர் லியோ நாணயக்கார ஆண்டகை, பெனடிக்ட் சபைத் துறவி. 1959 முதல் கண்டியில் இருந்தவர். பேரும் நிறுவனங்களும் உள்ள கண்டியை விட்டு, கத்தோலிக்கர் சொற்பமாக இருக்கும் இந்த ஏழை மறைமாவட்டத்துக்குத் தாமே விரும்பி வந்தார். பண்டாரவளையில் சேவக செவன என்ற குருமடத்தைத் தொடங்கி, கிராமத்திலும் தோட்டத்திலும் சனங்களோடு சீவித்துக் கற்கும்படி இளைஞர்களைப் பழக்கினார். 1982இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். உயர்ந்த நாற்காலியிலிருந்து தாழ்ந்ததற்கு இறங்கிய ஒரு மேய்ப்பரின் மனந்திரும்புதலை நான் இதில் பார்க்கிறேன்.

அந்தக் குருமடத்தில் கற்பித்தவர்களில் ஒருவர் மைக்கல் ரொட்ரிகோ அடிகளார், அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்தவர். ரோமிலும் பாரிசிலும் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1980இல் அவர் புத்தலைப் பக்கத்தில் ஒரு பௌத்த கிராமத்துக்குப் போய்ச் சிறிய வீடொன்றில் குடியிருந்தார். சுப செத் கெதர என்று அதற்குப் பேர். 1818இல் ஊவா, வெல்லஸ்ஸ கிளர்ச்சியை வெள்ளைக்காரர் அடக்கியபோது வயல்களையும் வீடுகளையும் எரித்து, மாடுகளைக் கொன்று பாழாக்கிய பிரதேசம் அது. அந்த மக்களுக்கு நம்முடைய மார்க்கம், தங்களை அழித்தவனின் மார்க்கம். அடிகளார் மதம் மாற்றுவதற்காக அங்கே போகவில்லை. சபையின் பழைய குற்றத்தைச் சுமந்துகொண்டு, பௌத்தத் துறவிகளிடமும் விவசாயிகளிடமும் கற்றுக்கொள்ளப் போனார். முதலில் சந்தேகத்தோடு பார்த்தவர்கள் பிறகு அவரைத் தங்கள் ஆளாக ஏற்றுக்கொண்டார்கள். மூலிகைகளைப் பற்றிப் பேசினார், கடனில் மூழ்கியவர்களைப் பற்றிப் பேசினார், கரும்புக் கம்பெனி வந்ததால் கிராமத்தவர் பட்ட பாட்டைப் பற்றியும் பேசினார். தெற்கில் கிளர்ச்சியும் அடக்குமுறையும் மூண்ட காலம் அது. 1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை, அந்தச் சின்ன வீட்டில் பூசை செய்த இடத்திலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அவர் சிங்களவர், கத்தோலிக்கக் குரு. நானோ தமிழன், மெதடிஸ்த சபையில் வளர்ந்தவன். உண்மையான ஆராதனைக்கு உங்கள் மாகாணத்தில் ஓர் ஆளைக் காட்டு என்று யாராவது கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன். அவருடைய பூசைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே இடைவெளி இருக்கவில்லை.

சிங்களவரும் தமிழரும் ஒரே கூரையின்கீழ் முழங்காலிடும் இடங்கள் இந்த நாட்டில் அதிகம் இல்லை. நம் ஆலயங்கள் அவற்றில் அடங்கும். ஆகவே இனத்தின் பேரால் நடந்த பாவத்தைக் குறித்து மற்றவர்களைவிட நமக்குக் கடமை கூட. 1983 ஜூலையில் பதுளை டவுன் எரிந்தது. 2000 அக்டோபர் 25ஆம் திகதி, பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கூட்டமாக வந்து கொன்றார்கள். அதற்காகத் தண்டிக்கப்பட்டவர்களையும் 2005இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. சட்டத்தின் கணக்கில் அந்தக் கொலைகளுக்கு இன்று யாரும் பொறுப்பில்லை. கடவுளின் கணக்கு அப்படி முடிந்திருக்குமா? சிங்களச் சகோதரர்களைப் பார்த்து இதைக் கேட்கிற தமிழன், 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் விரட்டப்பட்டதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தமிழின் பேரால் அது நடந்தபோது தமிழ்ச் சபைகளிலிருந்து எழுந்த குரல் போதாது. அடுத்தவனுடைய பாவத்தை அறிக்கையிடுவது மனந்திரும்புதல் ஆகாது.

2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. எல்லாச் சபைகளும் ஜெபித்தோம், அரிசியும் உடுப்பும் சேர்த்துக் கொண்டுபோனோம். அது நல்ல காரியம். ஆனால் அந்த இடம் ஆபத்தானது என்று முன்னமே எச்சரித்திருந்தார்கள். போக வேறு இடம் இல்லாமல் சனங்கள் அங்கேயே இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு துண்டுக் காணி கேட்டு, செய்தி வருவதற்கு முன்னே நாம் எத்தனை முறை வாய் திறந்தோம்? செய்யாமல் விட்டதையும் பாவமாகவே அறிக்கையிடும்படி நம் வழிபாட்டு முறைகள் சொல்லித்தருகின்றன. சாதியும் இதில் சேரும். நற்கருணையில் ஒரே பாத்திரத்தில் குடித்துவிட்டுக் கலியாணப் பேச்சில் சாதி கேட்கிற கிறிஸ்தவ வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதைப் பற்றி விளக்கம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, வெட்கம்தான் இருக்கிறது.

இதைக் கேட்கிற இளைஞர்கள், அப்படியானால் நியாயமாக நடந்தால் போதுமே, கோயில் எதற்கு, பாட்டு எதற்கு என்று கேட்கலாம். தாவீது ராஜாவை நினைத்துப் பாருங்கள். அடுத்தவன் மனைவியை எடுத்தார், அவனையும் கொல்லுவித்தார். அரண்மனையில் அவரைக் கேட்க ஆள் இல்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பற்றி நாத்தான் தீர்க்கதரிசி ஒரு கதை சொல்லும்வரை அவர் தன்னை நல்ல ராஜாவாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். தனியே விட்டால் மனிதன் தன்னைத்தானே விடுதலை செய்துகொள்வான். ஆராதனையில் தீர்ப்புச் சொல்கிறவன் நான் இல்லை. அங்கே ஒரு வார்த்தை வாசிக்கப்படுகிறது, அது என்னைக் காட்டிக்கொடுக்கிறது. காட்டிக்கொடுத்த அதே இடத்தில் என்னைச் சேர்த்தும் கொள்கிறது. பொழுது சாய்ந்து, மண்ணெண்ணெய் விளக்கடியில், லயத்துக் காம்பராவில் பத்துப் பேர் நெருங்கி உட்கார்ந்து வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடிய தலைமுறைக்கு இது தெரிந்திருந்தது. நாள் முழுக்கத் தலையில் அடிவாங்கியவர்கள் அந்த ஒரு மணி நேரம் தலைநிமிர்ந்து பாடினார்கள். அந்தப் பாட்டை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பக்கத்துக் காம்பராவில் மாரியம்மனைக் கும்பிடுகிற அக்காளும் வந்து வாசலில் நின்று கேட்டார். அவரை விட நாம் மேலானவர்கள் என்று அன்றைக்கு யாரும் எண்ணவில்லை. இன்று சில கூட்டங்களில் ஒலிபெருக்கி வைத்து அவரை இழிவாகப் பேசுகிறோம். அதையும் விட்டுத் திரும்ப வேண்டும்.

காணிக்கையோடு பலிபீடத்தடிக்கு வந்தவன், சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகி வரவேண்டும் என்று மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சொல்கிறார். ஆராதனையை நடுவில் நிறுத்தலாம் என்கிறார். கடவுள் காத்திருப்பார், அடுத்தவனுக்குச் செய்த அநியாயம் காத்திருக்கக் கூடாது என்பதுதான் இதன் பொருள்.

ஆகவே பெரிய வெள்ளிக்கு முன் ஒரு வேலை செய்யும்படி உங்களைக் கேட்கிறேன். ஒவ்வொருவரும் ஒரு பேரை எழுதுங்கள், நம்மால் நட்டப்பட்ட ஒருவருடைய பேரை. பிடித்துவைத்த சீட்டுக் காசாக இருக்கலாம், தங்கச்சிக்குக் கொடுக்காமல் விட்ட பங்காக இருக்கலாம், கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு நீங்கள் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு மறந்த பிள்ளையாக இருக்கலாம். அவரிடம் போங்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். முழுவதும் கொடுக்க முடியாவிட்டால் தவணை சொல்லுங்கள். மடுவத்தில் கணக்கெழுதுகிறவர்கள் சாக்கை ஒரு தடவை வெறுமையாக நிறுத்துப் பார்த்து, அந்த எடையை மட்டும் கழியுங்கள்.

சபைக் கமிட்டியில் இருக்கிறவர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். கோயிலைக் கூட்டுகிறவர், மிஷன் வீட்டில் சமைக்கிறவர், பாலர் பாடசாலை ஆசிரியை ஆகியோருடைய சம்பளப் புத்தகத்தை அடுத்த கூட்டத்தில் மேசைக்குக் கொண்டுவாருங்கள். அவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சட்டம் கட்டாயப்படுத்தினாலும் விட்டாலும் அவர்களுக்கு முதுமை வரும். நிலுவை இருந்தால், உயிர்த்த ஞாயிறு அலங்காரத்துக்கு ஒதுக்கிய காசிலிருந்தாவது முதலில் அதைக் கட்டுங்கள்.